சொல்லும் உள்ளமும்



காதல் என்னும் சொல்லின் பொருளை நம்மிற் பலர் அறிவோம். பாட்டிலே கேட்டிருக்கின்றோம், கதையிலே படித்திருக்கின்றோம். ஆயின், அது தன் உள்ளத்தில் வந்து புகுந்துவிட்டதா, இல்லையா என்று ஐயமின்றிச் சொல்லவல்லார் எத்துணைப் பேர்? இவ்வினாவை ஒரு பள்ளிச் சிறுமியின் வாயிலாக எழுப்பி, எட்டுத் தொகுதிகளில் விடை கண்ட யப்பானியச் சித்திரக்கதை ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

யப்பானில் 'மங்கா' எனப்படும் சித்திரக்கதை சிறுவர்க்கு மாத்திரம் உரியதன்று. முதியோரும் இளையோரும், ஆடவரும் பெண்டிரும் தத்தமக்கெனத் தனித்தனிச் சஞ்சிகைகள் வைத்துப் படிக்கும் பெரியதோர் இலக்கியத் துறை அது. அத்துறையில், பெண்ணொருத்தி மற்றொரு பெண்மீது கொள்ளும் காதலைச் சொல்லும் கதைகளுக்கு 'யூரி' என்று பெயர். லில்லி மலரைக் குறிக்கும் சொல் அது.

இவ்வகைக் கதைகளின் வேர் நூறாண்டுக்கு முந்தியது. 1916ஆம் ஆண்டில் யோஷியா நொபுக்கோ என்னும் பெண் எழுத்தாளர் 'மலர்க் கதைகள்' என்ற பொருள்படும் தொடரைச் சிறுமியர் சஞ்சிகையொன்றில் எழுதத் தொடங்கினார். பெண்கள் பாடசாலைகளில் மாணவியரிடையே முகிழ்த்த ஆழ்ந்த அன்பை அக்கதைகள் பேசின. அவற்றுட் பல பிரிவிலோ மரணத்திலோ முடிந்தன. அத்தகைய அன்பைச் சமூகம் பொறுத்துக்கொண்டது உண்மையே. ஆனால், 'பள்ளிப் பருவத்தோடு கழிந்துபோகும் மயக்கம் இது' என்ற எண்ணத்தினாலேயே பொறுத்துக்கொண்டது. நொபுக்கோவின் சொந்த வாழ்வோ அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. மொம்மா சியோ என்னும் பெண்மணியோடு அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தார். அவ்வுறவுக்குச் சட்டத்தில் இடமின்மையால், 1957ஆம் ஆண்டில் அவரைத் தம் மகளாகச் சுவீகாரம் செய்துகொண்டார். வாழ்க்கைத் துணைவியை மகள் என்று பதிவு செய்யவேண்டிய நிலை! சொல் ஒன்று, உள்ளம் ஒன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நான் சொல்லவந்த கதை 2015ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை தொடராக வெளிவந்தது. ஆக்கியோர் நகத்தானி நியோ. 'யகதே கிமி நி நாரு' என்பது அதன் பெயர். 'நாளடைவில் நீயாகுதல்' எனத் தமிழிற் சொல்லலாம்.

கதைத் தலைவி கொய்தோ யூ, புத்தகக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். காதற் பாட்டுகளின் பொருள் அவளுக்கு விளங்குகின்றது. ஆயினும் அவை அவள் நெஞ்சைத் தொடவில்லை. தன்னைக் காதலிப்பதாகக் கூறிய நல்ல பையன் ஒருவனுக்கு மறுமொழி சொல்ல முடியாது தவிக்கின்றாள். உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்ததும், தன்னினும் ஓராண்டு மூத்தவளான நனாமி தோக்கோவைச் சந்திக்கின்றாள். அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்த தோக்கோ, தன்னை நாடி வருவோர் எவரையும் ஏற்பதில்லை என்கின்றாள். தன்னைப்போல் இவளும் ஒருத்தி என்று மகிழ்கின்றாள் யூ. ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தோக்கோ யூமீதே காதல் கொள்கின்றாள்! புகையிரதக் கடவையில், வண்டி கடந்து செல்லும் அந்தச் சில நொடியில், அவளை முத்தமிடுகின்றாள்.

அன்பர்களே, இதன்பின் வருவதே கதையின் உயிர். தோக்கோ யூவிடம் கேட்பது ஒன்றே: நான் உன்னைக் காதலிப்பேன், நீ என்னைக் காதலிக்காதே என்பதே அவ்வேண்டுகோள். இஃதென்ன விந்தை என்று நாம் வியக்கின்றோம். காரணம் பிறகு புலனாகின்றது.

தோக்கோவுக்கு மியோ என்றொரு தமக்கை இருந்தாள். மாணவர் மன்றத் தலைவியாக விளங்கிய அவள், கலைவிழாவில் நாடகம் போடவிருந்த வேளையில் வீதி விபத்தில் இறந்துபோனாள். கூச்சமிக்க சிறுமியாயிருந்த தோக்கோவிடம் பெரியவர்கள், 'அக்காளுக்கும் சேர்த்து நீ வாழவேண்டும்' என்று ஆறுதல் கூறினர். நல்லெண்ணத்தோடு கூறிய சொல்லே அது. ஆனால், அந்தப் பிஞ்சு உள்ளம் அதனைக் கட்டளையாகக் கொண்டது. அன்றுமுதல் அவள் தன்னை மறைத்துத் தமக்கையாகவே நடிக்கலானாள். எவரேனும் 'உன்னை விரும்புகின்றேன்' என்றால், அவர் விரும்புவது நடிப்பையா, நடிப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் கோழையையா? நடிப்பை விரும்பினால் உண்மைக்கு இடமில்லை. கோழையை விரும்பினால், தான் வெறுக்கும் ஒன்றை அவர் விரும்புகின்றார். எவரையும் விரும்பாத யூ ஒருத்தியே அவளுக்கு அச்சந்தராத புகலிடமாகின்றாள்.

யூவின் நிலை இரங்கத்தக்கது. நாள் செல்லச் செல்ல, தோக்கோவின் தனிமையைக் கண்டு அவள் உள்ளம் கனிகின்றது. காதல் அறியாதவள் காதல் அறிகின்றாள். அறிந்த அக்கணமே அதை மறைக்கவும் வேண்டியவளாகின்றாள். சொல்லிவிட்டால் தோக்கோ விலகிவிடுவாள் அன்றோ? ஒருத்தி காதலைச் சொல்லிக்கொண்டே தன்னை மறைக்கின்றாள். மற்றவள் அருகில் இருப்பதற்காகவே காதலை மறைக்கின்றாள். பொய் பேசுவோர் இருவருமல்லர். இருந்தும் உண்மை இடையிலே சிறைப்பட்டுக் கிடக்கின்றது.

யூ தன் தோழி எழுதிய நாடகத்தின் வழியே அச்சிறையைத் திறக்க முயல்கின்றாள். நினைவிழந்த பெண் ஒருத்தியைக் காண மூவர் வருகின்றனர். ஒவ்வொருவரும் அவளை வெவ்வேறு பெண்ணாக வருணிக்கின்றனர். அம்மூன்றில் ஒன்றை அவள் தெரிந்துகொள்வதாக அமைந்திருந்த முடிவு, யூவின் தூண்டுதலால் மாற்றப்படுகின்றது: பிறர் நினைவில் வாழும் எவளாகவும் அன்றி, இன்றுள்ள தானாகவே வாழ அப்பெண் துணிகின்றாள். மேடையில் அவ்வேடம் தாங்கியவள் தோக்கோ. பிறர் எழுதிய வசனத்தைப் பேசியே அவள் தன் விடுதலையைப் பெறுகின்றாள்.

அதன்பின்னர் யூ தன் காதலை வாய்விட்டுக் கூறுகின்றாள். தோக்கோவின் வாயினின்று வந்தது ஒரே சொல்: 'கொமென்'. மன்னித்துக்கொள் என்பது அதன் பொருள். இதுகாறும் உன்னை வருந்தச் செய்தேனே என்ற கழிவிரக்கமா அது? அன்றி, உன் காதலை ஏற்கமாட்டேன் என்ற மறுப்பா? மறுப்பென்றே கொண்ட யூ, கண்ணீரோடு ஓடிவிடுகின்றாள். இத்தனை காலம் மௌனம் செய்த கேட்டை, இப்போது ஒரு சொல் செய்துவிடுகின்றது. இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்று, அஞ்சாது பேசிய பின்னரே மனம் ஒன்றுபடுகின்றனர்.

இங்கே சயெக்கி சாயக்கா என்னும் மூன்றாமவளையும் நாம் மறத்தலாகாது. முன்னொருகால் ஒரு மூத்த மாணவி இவளை விரும்பி, பின்பு 'அது சிறுபிள்ளை விளையாட்டு' என்று கைவிட்டவள். நூறாண்டுக்கு முன் சமூகம் கூறிய அதே சொல்லன்றோ இது? அச்சொல்லினால் காயம்பட்ட சாயக்கா, தோக்கோவைத் தான் காதலிப்பதை நெடுங்காலம் வெளியிடாது காத்திருந்து, கியோத்தோச் சுற்றுலாவின்போதே கூறுகின்றாள். காலம் கடந்துவிட்டது. அவள் தோற்றாள், ஆயினும் தன் அன்பு விளையாட்டன்று என்பதைத் தன் வாயாலேயே நிலைநாட்டிவிட்டாள். மாகி என்னும் மாணவனோ, பிறர் காதலைக் கண்டு மகிழ்பவனேயன்றித் தான் காதல் கொள்பவனல்லன். அவனையும் குறையுடையோனாகக் கதை காட்டவில்லை.

இக்கதையில் கொடியோர் எவருமிலர். துன்பம் விளைந்தது, 'நீ இத்தகையவள்' என்று பிறர் இட்ட பெயராலும், 'நான் இத்தகையவள்' என்று தாமே போட்டுக்கொண்ட வேலியாலும் ஆகும். மனிதர் மாறிக்கொண்டே இருப்பவர். நேற்றைய பெயர் இன்றைய உள்ளத்துக்குப் பொருந்தாது போகலாம். அப்பொழுது அவரை அணுகிக் கேட்பதன்றி, அறிந்துகொள்ள வேறு வழியில்லை.

நம் வீடுகளிலும் வாய்பேசாது நடமாடும் இளையோர் உளர். துயருற்ற குழந்தைக்கு நாம் கூறும் ஆறுதல், அதன் தோளில் ஏற்றும் சுமையாகிவிடக்கூடாது. தன் உள்ளத்தைச் சொல்ல ஒரு பிள்ளை நம்மை நாடி வரும்போது, 'இது வயதின் மயக்கம்' என்று அதன் வாயை அடைத்துவிடவும் கூடாது. அதற்கு விடையளிப்பதற்கு முன்னர், அது சொல்லி முடிக்கும்வரை கேட்டிருப்போமாக.