வேலையை விடாம இருந்தா விசுவாசமா?

என் முதல் கம்பெனியில 2 வருஷ பாண்ட். அந்த 2 வருஷமும் எங்க டீம்ல ஒருத்தர்கூட பேப்பர் போடலை. "பாருங்க, எவ்வளவு கமிட்டடான டீம்!"னு மேனேஜர் அதை ஸ்லைடு போட்டுக் காட்டினார். பாண்ட் முடிஞ்ச மாசமே 7 பேர் கிளம்பிட்டோம்.

இது இப்போ ஞாபகம் வரக் காரணம் என் பெரியம்மா பொண்ணு. அக்கா இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் வொர்க்கர். 2022 பிப்ரவரியில் பிரிட்டன் அந்த வேலைக்கும் ஹெல்த் அண்ட் கேர் விசாவைத் திறந்துவிட்டது, அதில் போனவங்க. விசாவுக்கு ஸ்பான்சர் முதலாளிதான். வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் இன்னொரு ஸ்பான்சரைத் தேடணும், இல்லைன்னா பெட்டியைக் கட்டணும். 2025 ஜூலையில் இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திட்டாங்க. ஊருக்கு வந்துட்டா இதே வழியில திரும்பிப் போக முடியாது. என் பாண்டெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.

ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் இந்தப் பிணைப்பை மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்துப்போய் இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது, போவது தப்பு என்று இருப்பது. எச்.ஆர். டாஷ்போர்டில் மூணும் ஒரே நம்பர்தான்.

"நீ இதுல எது?"ன்னு அக்காகிட்ட கேட்டேன். நேரா பதில் சொல்லலை. ஒரு பாட்டியைப் பத்திச் சொன்னாங்க. அவரைக் கட்டிலில் இருந்து தூக்க ஹாய்ஸ்ட் மெஷின் வேணும், கூட ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் லீவ் போட்டு மாற்று ஆள் வரலைன்னா, பாட்டி நனைஞ்ச துணியோட காத்திருக்கணும். "சம்பளம் கம்மின்னு நான் அழுததில்லடா. அந்த மாதிரி நாள்ல பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்."

நடுவுல ஒரு மேனேஜர் இருந்தாராம். ரோட்டாவை, அதாவது ஷிப்ட் அட்டவணையை, 4 வாரம் முன்னாடியே ஒட்டிடுவார். ஆள் குறைஞ்சா தானே ஏப்ரன் கட்டிக்கிட்டு வந்து நிப்பார். அந்தச் சமயத்துல வேற ஒரு ஸ்பான்சர் கொஞ்சம் அதிக சம்பளத்துக்குக் கூப்பிட்டும் அக்கா போகலை. விசா அதேதான், பாட்டியும் அதே பாட்டிதான்.

அப்புறம் ஓனர் மாறினார், அந்த மேனேஜர் போயிட்டார். இப்போ நாளைய ஷிப்ட் இன்னிக்கு ராத்திரி வாட்ஸ்அப்ல வருது. 12 மணி நேரத்துல உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியலை. அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்க, ஒரு நாள்கூட லீவ் போடாம. அந்த ஓனர்கிட்டயும் ஒரு ஸ்லைடு இருக்கும்னு நினைக்கிறேன்.

வியாழக்கிழமை அக்காவுக்கு வேற இல்லத்துல இன்டர்வியூ. ஸ்பான்சர் பண்றாங்களாம். "ரோட்டா எப்போ போடுவீங்கன்னு கேளுக்கா"ன்னேன்.

"சம்பளத்துக்கு முன்னாடி அதைத்தான்டா கேக்கப் போறேன்"னாங்க.