பதவியின் பெயரும் பட்டறையின் வேலையும்



பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளையிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கும் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு பதவியின் பெயரையே எதிர்பார்க்கிறார்கள்; அந்தப் பதவியில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார், அவருடைய உடம்பில் எது முதலில் தேய்கிறது என்பவையெல்லாம் கேட்கப்படாமலே போகின்றன. மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடு, அதாவது நாட்டில் மக்கள் செய்யும் வேலைகளை வகைபிரித்து எண்ணிட்டு அவற்றின் கடமைகளை விவரிக்கும் ஆவணம், ஏறத்தாழ 3,600 வேலைகளைப் பட்டியலிடுகிறது. வீடுகளில் நடக்கும் பேச்சில் அவற்றுள் பத்துகூட இடம்பெறுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

வேலை என்பதன் உள்ளடக்கத்தை அறிய விரும்புவோர்க்கு, நாகர்கோவில் வடசேரியின் நகைப்பட்டறைகளே போதிய பாடம் தரும். கோயில் நகை எனப்படுவது, தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்தும் அணிகளின் அமைப்பைப் பின்பற்றி, வெள்ளியில் கூடு கட்டி, சிவந்த கெம்புக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு வைத்துச் செய்யப்படுவது. ஒரு பொருளின் தரமும் பெயரும் அது பிறக்கும் ஊரோடு பிணைந்திருப்பதைச் சட்டப்படி ஏற்கும் புவிசார் குறியீடு, நாகர்கோவில் கோயில் நகைக்கு வழங்கப்பட்டிருக்கிறது. பரதநாட்டியம் 20ஆம் நூற்றாண்டில் சபா மேடைகளில் பரவியபின், ஆடுவோர் அணியும் தலைசாமான், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் ஆகியவற்றுக்கான தேவை இக்கலைக்குப் புதிய வாழ்வு தந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இவ்வளவும் நகை செய்தல் என்ற ஒரே வேலை; உள்ளே சென்றால் அது பல வேலைகளாகப் பிரிகிறது. வெள்ளியை உருக்கித் தகடாக்குவது ஒன்று. அத்தகட்டை மாதிரிக்கேற்ப வெட்டி, கல் அமரும் சிறு அறைகளை எழுப்பி, உலோகம் ஒன்றோடொன்று பிடிப்பதற்கு உதவும் வெங்காரத்தைத் தடவி, ஊதுகுழலால் பற்றவைப்பது மற்றொன்று. சூடு சற்றே மிகுந்தாலும் மெல்லிய சுவர் உருகிவிடும் என்பதால், கைக்கும் கண்ணுக்கும் நிகராக மூச்சும் இங்கே பழக வேண்டியிருக்கிறது. அறைகளில் அரக்கை நிரப்பிக் கல் வைப்பவர், நிறமும் உயரமும் ஒத்த கெம்புகளைத் தேர்ந்து அருகருகே சேர்த்து, அரக்கு இறுகுவதற்குள் அவற்றை நேராக அமர்த்திவிட வேண்டும்; ஒரு கல் தலைதூக்கி நின்றால் வரிசை முழுவதும் கோணலாகத் தெரியும். பிறகு, மிக மெல்லியதாக அடிக்கப்பட்ட தங்கமாகிய ரேக்கைக் கல்லின் ஓரங்களில் இடைவெளியின்றி அழுத்திப் படியவைக்கும் வேலை வருகிறது. இவற்றுள் எதற்கும் பட்டம் கேட்கப்படுவதில்லை என்பதைக் கொண்டு இவற்றை எளிய வேலைகள் என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. ஆண்டுக்கணக்கில் குனிந்திருக்கும் முதுகும் நுண்வேலையில் களைக்கும் கண்ணும், வெள்ளிக்குப் பதில் செம்பில் செய்த மலிவுப் போலிகளின் போட்டியும் இத்தொழிலின் பகுதிகளே. அவற்றையும் மறைக்காமல் சொல்வதே இளையோர்க்குச் செய்யும் நேர்மை.

தோட்ட வேலையும் அப்படியே. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுவோர் விடியலுக்கு முன்பே தோட்டம் சேர்கிறார்கள்; வெயில் ஏறினால் பால் ஒழுக்கு விரைவில் நின்றுவிடும். பட்டையைச் சாய்வாகச் சீவும் கத்தி, பால்குழல்கள் செறிந்த உட்பட்டை வரை செல்ல வேண்டும். அதற்கும் உள்ளேயுள்ள வளர்படலத்தை, அதாவது புதுப் பட்டையை உண்டாக்கும் மெல்லிய அடுக்கை, தொட்டுவிட்டால் மரம் புண்படும். மீண்டும் வளரும் பட்டையும் முடிச்சு விழுந்து, பின்னாளில் வெட்டுவதற்கு உதவாமல் போகும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கும் இந்தத் தீர்ப்பை இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், மரத்துக்கு மரம் எடுப்பவரைக் கூலியாள் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது நியாயமாகாது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் உழைப்போருள், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினரும் உண்டு என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

உயர்ந்த பெயருள்ள பணிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அண்டை மாவட்டத்து மகேந்திரகிரியில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் விண்கல எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. விஞ்ஞானி என்ற பெயரே ஊரார் காதில் விழுகிறதெனினும், குழாய் பொருத்துவோரும் உலோகம் பற்றவைப்போரும் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்போரும் இன்றி அத்தகைய சோதனை நடவாது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளில் பழுதுபார்ப்பவர்க்கு மின்னியல் அறிவோடு உயரத்தில் நின்று வேலை செய்யும் துணிவும் வேண்டும்.

2022 மார்ச் 1ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம், மாணவர்க்கு உயர்கல்வியையும் வேலைவாய்ப்பையும் பற்றி வழிகாட்டுவதை நோக்கமாகக் கொண்டது. அவ்வழிகாட்டுதலின் ஒரு பகுதியாக, மேல்நிலை வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, ஒரு வாரமேனும் ஒரு பட்டறையிலோ தோட்டத்திலோ அலுவலகத்திலோ அமர்ந்து, அங்கே நடப்பதை நாள்தோறும் எழுதிவர ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது இங்கே வைக்கப்படும் வேண்டுகோள். வருமானம் எவ்வளவு, தொழில் கற்க எத்தனை ஆண்டு ஆயிற்று, வேலை செய்பவர் இதே வேலைக்குத் தம் பிள்ளையை அனுப்புவாரா, அனுப்பாவிடில் ஏன் என்ற கேள்விகளை மாணவர் தயங்காமல் கேட்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் ஆசாரிக்கும் பால்வெட்டுபவர்க்கும் அந்த நாள்களுக்குரிய கூலி அரசுக் கணக்கிலிருந்து சேர வேண்டும். ஏனெனில், மாணவர்க்கு விளக்கிச் சொல்லும் நேரத்தில் அவர்களுடைய கைவேலை நின்றுவிடுகிறது.