நோய்க்குப் பின் நினைவும் நடையும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்க விழாவில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. என் அண்ணன் மகள் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானாள். அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபி மருந்தும் முடிந்து வீடு திரும்பினாள். மீண்டும் புத்தகத்தை எடுத்தபோது, பக்கத்தின் அடிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துபோயிற்று. "சித்தப்பா, இனி எனக்குப் படிப்பு வராது" என்று அழுதாள். 28 ஆண்டுகள் பாடம் நடத்திய நானோ, "கவனமாகப் படி" என்று கடிந்துகொண்டேன். என் அறியாமையை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மறதி சோம்பலன்று. புற்றுநோயும் அதன் சிகிச்சையும் நினைவாற்றலையும் கவனத்தையும் தளர்த்துவதுண்டு. பலருக்கு நாளடைவில் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சோர்வும் உறக்கமின்மையும் கவலையும் அதனை மிகுவிக்கும்.

இங்கேதான் உடற்பயிற்சி துணைக்கு வருகிறது. 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் முதியோர் 120 பேர் பங்கேற்றனர். வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை, ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவுக்கு இன்றியமையாத 'ஹிப்போகாம்பஸ்' என்னும் மூளைப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருகியது. அவர்கள் புற்றுநோயாளர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோயாளர்க்கென 2019-இல் வல்லுநர் குழுவொன்று வெளியிட்ட பரிந்துரை, வாரம் 3 முறை 30 நிமிட மிதமான பயிற்சி சோர்வையும் கவலையையும் குறைக்கும் என உறுதி கூறிற்று. நினைவாற்றலுக்கு அன்று போதிய சான்று கிட்டவில்லை. எனினும், சோர்வும் கவலையும் நீங்கிய மனத்தில் பாடம் தங்கும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

"நாளெல்லாம் வயலில் உழைக்கும் நமக்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்கலாம். கூலிக்கு உழைப்பது பிறர் அளவுக்கு. பயிற்சி நம் உடலின் அளவுக்கு. களைத்தால் நிறுத்தும் உரிமை அதில் நமக்கு உண்டு.

மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். இரத்தம் குறைந்தோரும், எலும்பில் நோய் பரவியோரும் அவர் சொற்படியே நடக்க வேண்டும். காய்ச்சலோ தலைச்சுற்றலோ இருப்பின் அன்று ஓய்வே நன்று.

எங்கள் பெண் மருத்துவர் இசைவுடன் பள்ளி மைதானத்தில் மாலைதோறும் 10 நிமிடம் நடக்கத் தொடங்கினாள். சிறிது சிறிதாக அரை மணியாக்கினாள். ஆறு திங்களில், அரை மணி நேரம் தொடர்ந்து படிக்கலானாள். நடையே முழுக் காரணம் என்று சொல்லேன், காலமும் உதவியிருக்கும். ஆனால் இன்று புத்தகம் அவள் கையில் இருக்கிறது.

தொடக்கத்தில், "நோயாளி ஊர் சுற்றுகிறாள்" என்று நம் தெருவிலேயே சிலர் பேசினர். அவள் தாய் உடன் நடந்த பிறகே அப்பேச்சு ஓய்ந்தது. இளைஞர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகையோர் இருப்பின் உடன் நடங்கள்.

நமக்குப் படிப்பு வராது என்று பிறர் சொன்னதைப் பொய்யாக்கவே இச்சங்கம் தோன்றியது. அதே சொல்லை நம் பிள்ளை தன்னைப் பற்றியே சொல்ல விடலாமா?