காலை ஆறு மணிக் கணக்கு



புது வீடு கட்டுகிறவர்கள் நிலைக்கால் நட நாள் பார்க்கிறார்கள். அடுப்பங்கரை அக்கினி மூலையில் வருகிறதா என்று பார்க்கிறார்கள். தரைக்கு எந்த டைல்ஸ் என்று நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். கரண்ட் பேச்சு மட்டும் இரண்டே வரியில் முடிந்துவிடும். “சிங்கிள் பேஸா, த்ரீ பேஸாண்ணே?” என்பார் வயர்மேன். “த்ரீ பேஸே போட்டுருப்பா, வீடு பெருசுல்ல” என்பார் வீட்டுக்காரர். இந்த இரண்டு வரிக்குள் ஒரு நல்ல தொழில் அடங்கியிருக்கிறது. அது நன்றாகச் செய்யப்படுகிறதா என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

தெருக்கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் போகின்றன. ஒரு பேஸையும் நியூட்ரலையும் மட்டும் வீட்டுக்கு இழுத்தால் சிங்கிள் பேஸ், 230 வோல்ட். மூன்று பேஸும் நியூட்ரலும் வந்தால் த்ரீ பேஸ். தமிழ்நாட்டின் மின்பகிர்மான விதித்தொகுப்பு நெடுங்காலமாகப் போட்டு வைத்திருக்கும் கோடு 4 கிலோவாட். வீட்டில் உள்ள சாதனங்களின் மொத்தச் சுமை அதைத் தாண்டினால் த்ரீ பேஸ் கேட்க வேண்டும். அந்தக் கோட்டில் சதுர அடி வரவே இல்லை. ஆயிரத்து ஐந்நூறு சதுர அடியில் ஏசி இல்லாத வீடும் உண்டு. அறுநூறு சதுர அடியில் இரண்டு ஏசி ஓடும் வீடும் உண்டு.

த்ரீ பேஸ் போட்டால் பில் குறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடும் என்று எதிர் நம்பிக்கையும் இருக்கிறது. இரண்டும் வீண். வீட்டு இணைப்புக்கு யூனிட் கட்டணப் படிகள் இரண்டிலும் ஒன்றுதான். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் அப்படியே. இணைப்பு வாங்கும்போது கட்டும் தொகைதான் த்ரீ பேஸுக்குக் கூடுதல்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? காலை ஆறு மணியை வைத்து.

இரண்டு படுக்கையறை உள்ள சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஏசி ஒன்று, சுமார் 1,500 வாட். கீசர் 2,000. தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன், 750. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. மிக்ஸி 750. இஸ்திரிப் பெட்டி 1,000. மின்விசிறி, விளக்கு, பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 700 என்று வையுங்கள். கூட்டினால் 8,700 வாட். காகிதத்தில் இது த்ரீ பேஸ் வீடு, சந்தேகமில்லை. ஆனால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ராத்திரி ஏசி ஓடுகிறதே, அப்போதுதான் அதிகச் சுமை என்று பலர் நினைக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த வீடு இழுப்பது இரண்டாயிரம் வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். குளிக்கப் போகிறவருக்குக் கீசர், தொட்டிக்கு மோட்டார், சட்னிக்கு மிக்ஸி, பாலுக்கு இண்டக்‌ஷன். 5,500 வாட். சிங்கிள் பேஸாக இருந்தால் ஒரே கம்பியில் 24 ஆம்பியர். தெரு முழுக்க அதே நேரத்தில் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. லோ வோல்டேஜில் மோட்டார் முக்குவது அந்த நேரத்தில்தான்.

ஆகவே கீசரும் ஏசியும் இல்லாமல், கேஸ் அடுப்போடு குடியேறுகிறவருக்கு சிங்கிள் பேஸ் தாராளமாகப் போதும். அவரிடம் “கௌரவத்துக்கு” த்ரீ பேஸ் விற்பது நியாயமில்லை. மற்றவர்கள் த்ரீ பேஸுக்குப் போகட்டும். ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

த்ரீ பேஸ் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் சுமையைப் பிரிப்பது எப்படித் தெரியுமா? தரைத்தளம் ஒரு பேஸ், மாடி ஒரு பேஸ், மோட்டார் ஒரு பேஸ். பைப் போடச் சுலபம், வயர் மிச்சம். ஆனால் காலை ஆறு மணிக்குக் கீசரும் அடுப்பும் மிக்ஸியும் தரைத்தள பேஸிலேயே தொங்கும். மாடி பேஸ் தூங்கும். மூன்று பேஸுக்குக் காசு கட்டிவிட்டு ஒன்றில் குடும்பம் நடத்துகிற கதை. தேர்ந்த வயர்மேன் வேறு மாதிரி யோசிப்பார். கீசர் ஒன்றில், இண்டக்‌ஷன் இன்னொன்றில், மோட்டாரும் மிக்ஸியும் மூன்றாவதில். இப்போது எந்தப் பேஸிலும் ஒன்பது ஆம்பியருக்கு மேல் போகாது. கீசர் ஓடும் நேரத்தில் ஏசி ஓடாது என்பதால் ஏசியைக் கீசரோடு அதே பேஸில் சேர்ப்பார். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில சுருள் வயரும், வீட்டம்மாவிடம் அரைமணி நேரப் பேச்சும். அந்தப் பேச்சுக்குக் கூலி இல்லை, அதுதான் சிக்கல். நம் ஊரில் வயரிங் கூலி பாயின்ட் கணக்கில், இல்லாவிட்டால் சதுர அடிக் கணக்கில். யோசித்ததற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

பழைய வீடுகளில் தேக்குச் சட்டம் அடித்து, அதன் மேல் கிளிப் வைத்து வயர் ஓட்டியிருப்பார்கள். வயர்மேனின் கைநேர்த்தி சுவரிலேயே தெரியும். இப்போது எல்லாம் பூச்சுக்குள் போய்விட்டது. வேலையை எடைபோட வேண்டுமென்றால் டி.பி. என்கிற மின்பகிர்வுப் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 என்று தடிமன் மாறி மாறி வரவேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பச்சை தீர்ந்துபோனதால் கறுப்பையே எர்த்துக்கும் ஓட்டியிருந்தால் அந்த ஆளுக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

த்ரீ பேஸில் நான் முதலில் பார்க்கச் சொல்வது நியூட்ரலை. அது எங்கோ ஒரு திருகில் தளர்ந்து விட்டுப்போனால் 230 வோல்ட் என்ற ஒழுங்கு குலைந்துவிடும். சுமை குறைந்த பேஸில் வோல்டேஜ் ஏறும், 400-ஐ நெருங்கினாலும் நெருங்கும். சுமை கூடிய பேஸில் இறங்கும். ஒரு அறையில் விளக்கு மங்கி, அடுத்த அறையில் கண் கூசுகிற மாதிரி எரிந்தால் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், மெயினை இறக்குங்கள். டிவியும் பிரிட்ஜும் போவது இந்த மாதிரி நேரத்தில்தான். சிங்கிள் பேஸ் வீட்டுக்குள் நியூட்ரல் விட்டால் எதுவும் எரியாது, அவ்வளவே.

ஒரு பேஸ் போனால் பியூஸைப் பிடுங்கி அடுத்த பேஸில் செருகுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. இதற்கென்றே பேஸ் மாற்றும் சுவிட்ச் விற்கிறது. தெருவில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பேஸுக்குத் தாவினால் அதுவும் போகும் என்பது கோடைக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை.

எர்த் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நியூட்ரலையே எர்த் முனையோடு கட்டிவிட்டு “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற வழி வைத்த எர்த்தாக இருக்க வேண்டும். டெஸ்ட் லாம்ப் என்று ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு மாட்டி வைத்திருப்பார்கள். அதைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அந்த வயர்மேனே காட்டட்டும், நீங்கள் தொட வேண்டாம். பல்பு மங்கினால் எர்த் சரியில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. இருந்தால், பல்பு எரியும் முன்பே அது விழுந்துவிடும், அதுவும் நல்ல சகுனம்தான். நம் ஆட்கள் இதை ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். அது அடிக்கடி விழுகிறது என்று தொல்லையாக நினைத்து நேரடியாக இணைத்துவிடும் வீடுகள் உண்டு. விழுவதற்குக் காரணம் கீசரிலோ, ஈரம் இறங்கிய பைப்பிலோ, இன்வெர்ட்டர் நியூட்ரல் கலந்ததிலோ இருக்கும். அதைத் தேட வேண்டுமே தவிர, காவல்காரனை வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

கட்டும் காலத்துக்குத் தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும், அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். அதனால் பக்கத்து வீட்டிலிருந்து லைன் இழுப்பார்கள். பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம். தற்காலிக இணைப்பையே வாங்கி வையுங்கள், வீடு முடிந்ததும் கட்டண வகையை மாற்ற விண்ணப்பிக்கவும் மறக்காதீர்கள். மறந்துவிட்டு அதிகக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கடைசியாக மொட்டைமாடி. 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் பலகைக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். இப்போது போடப் பணமில்லை என்றாலும் பரவாயில்லை. கூரைக் கான்கிரீட் போடுமுன் மாடியிலிருந்து மீட்டர் பலகை வரை ஒரு வெறும் பைப் இறக்கிவிடச் சொல்லுங்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்கும் ஒன்று, பேட்டரி வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பின்னால் சுவரை உடைக்கிற கூலியோடு ஒப்பிட்டால் அந்தப் பைப்புகளின் விலை ஒன்றுமே இல்லை. இரண்டு முனையிலும் மூடி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்குள் குளவி கூடு கட்டிவிடும்.