நம் கதையை யார் எழுதுவது?

(கோரமண்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடிமைகள் தம் வாழ்வைத் தாமே சொன்ன நூல்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் தம் வரலாற்றை வெளியிட்டார். 'தானே எழுதியது' என்று தலைப்பிலேயே அச்சிட்டார். அப்படியும் இரண்டு வெள்ளையர்கள் நூலின் முன்பக்கங்களில் அவருக்காகச் சான்று சொல்ல வேண்டியிருந்தது! பெர்முடாவில் பிறந்த மேரி பிரின்ஸ் வாயால் சொன்னார். ஒரு வெள்ளைப் பெண்மணி எழுதினார். இன்னொருவர் செப்பனிட்டு 1831-இல் வெளியிட்டார்.

ஆகவேதான் காலனி ஆட்சியை அனுபவித்த நாடுகளின் அறிஞர்கள் இந்நூல்களைக் கேள்வியோடு வாசிக்கச் சொல்கிறார்கள். சொன்னது யார்? எழுதியது யார்? விட்டுப்போனது எது?

பிரிட்டிஷ் அரசு 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பிஜியில் 21 ஆண்டுகள் இருந்த தோதாராம் சனாத்யாவின் கதை 1914-இல் இந்தியில் வந்தது. அதையும் அவர் சொல்ல, வேறொருவர்தான் எழுதினார். ஆனாலும் அந்த நூல் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு ஆயுதமாயிற்று.

இனி நம்மைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் விற்கப்பட்ட அடிமைகளல்லர். வட ஆற்காட்டின் வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிக் கூலிக்கு வந்தவர்கள். இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் கம்பெனிக் காகிதங்களில் அவர்கள் யார்? ஓர் எண், ஒரு கைரேகை. அந்தக் கைரேகைப் பதிவை எதிர்த்தே 1930-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. பாறை வெடித்த அதிர்வில் லைன் வீட்டு வாசலுக்கு ஓடிவந்து நின்றாளே ஒரு தாய், அவள் கணக்கு எங்கே? சிலிகோசிஸ் நோயில் இருமி இருமிச் செத்தவரின் கணக்கு எங்கே?

மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கியவர்கள் ஒவ்வொருவராய் மறைகிறார்கள். பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளே! ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். தமிழ் எழுத வராவிட்டால் கன்னடத்தில் எழுதுங்கள். அவர் சொல்லைத் திருத்தாதீர்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். பாட்டியையும் கேளுங்கள். சங்கத்தார் நாமும் அதில் கத்தரி வைக்க மாட்டோம்.

அன்று பெயருக்குப் பக்கத்தில் ரேகை வாங்கினார்கள். இன்று கதைக்குக் கீழே நம் பெயரை நாமே எழுதுவோம்!