யார் யாரை அடித்தார்கள்?
(மாலைப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் சேரியின் மாலைப்பள்ளிப் பிள்ளைகள் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்கு எழுதிய செய்தி இப்படித் தொடங்கியது: ‘திருவிழாவில் இரு தரப்பினரிடையே மோதல் ஏற்பட்டது. ஒருவர் காயமடைந்தார்.’ காயம்பட்டது அவனுடைய சொந்த அண்ணன். பக்கத்தில் நின்று பார்த்தவன் இவன்.

“ஏன்டா இப்படி எழுதின?”

“பேப்பர்ல அப்படித்தாண்ணே போடுவாங்க.”

அடித்தவனைக் காப்பாற்றுகிற இலக்கணத்தை நம்ம பிள்ளை அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறான். ‘ஏற்பட்டது’ என்பதற்கு எழுவாய் ‘மோதல்’. அடித்தவன் வாக்கியத்துக்குள் வரவே இல்லை. 1999 ஜூலை 23இல் நெல்லையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ‘ஆற்றில் விழுந்து இறந்தனர்’ என்று எழுதிவிட்டால் தடி எங்கே போகிறது?

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சிவப்புப் பேனா எடுத்து நானே எல்லாவற்றையும் திருத்தினேன். அடுத்த மாதம் அவன் எழுதவே இல்லை. அப்புறம் நோட்டை அவன் கையிலேயே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘மோதல்’ வந்ததும் நின்றான். “இல்லண்ணே, அவங்கதான் அடிச்சாங்க.” அதையே எழுது என்றேன். ‘நூறு பேர் திரண்டு வந்து கொலைவெறியோடு தாக்கினார்கள்’ என்று எழுதினான். “நீ எண்ணுனியா?” விரல்விட்டு எண்ணினான். ஏழு பேர். நூறை அடித்தான். கொலைவெறியையும் அவனே அடித்துவிட்டு, ‘தேர்வடத்தைத் தொட்டதற்காக’ என்று சேர்த்தான். காரணம் அப்போதுதான் உள்ளே வந்தது. நூறு என்றால் எதிர்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். ஏழு என்றால் ஏழு பேரும் பதில் சொல்லியாக வேண்டும். பையனின் பாதுகாப்புக்காகப் பத்திரிகையில் பெயர் போடவில்லை. பெயர்கள் அண்ணன் கொடுத்த புகாரில் இருக்கின்றன.

உரக்கப் படிப்பது வகுப்பறையோடு முடிகிற வேலையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது: வாய்மொழிப் புகாரை எழுதிய அதிகாரி, கையெழுத்து வாங்குமுன் அதைப் படித்துக்காட்ட வேண்டும். அந்த நேரத்தில் ‘மோதல்’ என்று காதில் விழுந்தால், “அப்படி நான் சொல்லல, மாத்துங்க” என்று சொல்லத் தெரிந்த பிள்ளை நமக்கு வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். சாட்சி ‘எங்கம்மா கத்துச்சு’ என்றால் அதை ‘எனது தாயார் கூக்குரலிட்டார்’ ஆக்காதீர்கள். ரப்பரால் அழிக்கவும் விடாதீர்கள். எங்கள் வங்கியில் கையால் எழுதிய பதிவில் தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுவோம். பழையது கீழே தெரியும்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தார். நம் செய்தியை நாமே எழுதுவது நமக்குப் புதுசில்லை.

அந்தப் பையனின் நோட்டில் ‘மோதல்’ இன்னும் கோட்டுக்கு அடியில் தெரிகிறது. புதுசாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறோம்.