சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா?

(மொரப்பூர் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் சிறிய இருப்புப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. 1941-இல் அது மூடப்பட்டது. பாதை போட்டுவிட்டால் மட்டும் போதாது, அதனை இடைவிடாது நடத்திச் செல்வாரும் வேண்டும் என்பதற்கு நம் ஊரே சான்று. கல்விக்கும் இதே நியதிதான். பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தல் பாதை போடுவது. பட்டம் பெறும்வரை உடன் நிற்றல் பாதையை நடத்துவது. நம் கவலை இந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இதற்குரிய பாடம் இருக்கிறது. 1913-இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் உயர்கல்வி பயின்றுகொண்டிருந்தபோது உதவித்தொகைக்குரிய காலம் முடிந்தது. 1917-இல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. அறிவு குன்றியா திரும்பினார்? உழைப்பு குறைந்தா திரும்பினார்? இல்லை, பணம் நின்றது, படிப்பும் நின்றது. பம்பாயில் பேராசிரியராய்ப் பணியாற்றிச் சேர்த்த பொருளோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியோடும், பார்சி நண்பர் ஒருவர் தந்த கடனோடும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923-இல் முனைவர் பட்டம் பெற்றார். உலகமே வியந்த அந்தப் பேரறிஞருக்கே கைகொடுப்பார் மூவர் வேண்டியிருந்தது என்றால், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு எத்தனை கைகள் வேண்டும்!

இதனை உணர்ந்தே அண்ணல் கல்லூரி தொடங்குவதற்கு முன்பாக விடுதி தொடங்கினார். அவர் நிறுவிய சபையின் சார்பில் 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி எழுந்தது. பம்பாய் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது 1946-இல்தான். நம் தமிழகத்திலும் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் கண்டார். தங்க இடமும் உண்ண உணவும் இல்லாதவனுக்கு நூல் மட்டும் பயன்தராது என்பதை அப்பெரியோர்கள் நன்கறிந்திருந்தனர்.

இன்று கல்லூரிகள் நமக்கு அருகில் வந்துள்ளன. தருமபுரியில் அரசு கலைக் கல்லூரியும், 2008-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் உள்ளன. சேலத்தில் 1997-இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆயினும் உள்ளே சென்ற நம் பிள்ளைகள் எங்கெங்கே இடறுகிறார்கள் என்று பார்த்தல் வேண்டும்.

முதல் இடறல், பணம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு முதல் நம் மக்களுக்கு உண்டு. ஆனால் கட்டணம் கட்டும் நாள் ஒன்று; உதவித்தொகை வந்துசேரும் நாள் வேறொன்று. அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரன் நுழைகிறான், அல்லது பிள்ளை திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். 2021-இல் வந்த மத்திய அரசின் நெறிமுறைகளின்படி அவ்வரசின் பங்குத்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாவிட்டால் தொகை தடைப்படும். வந்த தொகையில் கல்லூரிக்குரிய பகுதி வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் அதுவே நிலுவையாய்த் தலைமேல் நிற்கும். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வார் வேண்டும்.

இரண்டாம் இடறல், மொழி. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை முதல் நாளே ஆங்கிலப் பாடத்தின் முன் திகைத்து நிற்கிறது. கேட்கக் கூச்சம், கேட்டால் நகைப்பார்களோ என்ற அச்சம். முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள் தவறினால், 'நமக்கு இது வராது' என்ற எண்ணம் வேர்விட்டுவிடுகிறது. அந்த வேரை முதல் ஆறு மாதங்களிலேயே களைதல் வேண்டும்.

மூன்றாம் இடறல், அவமதிப்பு. இதுவே கொடியது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று உயிர் துறந்தார். அவருடைய இறுதிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை நிலுவையும் குறிக்கப்பட்டிருந்தது. பணத்தின் நெருக்கடியும் மனத்தின் காயமும் தனித்தனியாக வருவதில்லை என்பதை அந்த இளைஞரின் முடிவு நாட்டுக்கு உணர்த்தியது. இனி ஒரு பிள்ளையையும் நாம் இழத்தல் கூடாது.

இளைஞர்களே! உங்களுக்கு உரிமைகள் உண்டு. 1951-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15(4) பிரிவு உங்கள் கல்விக்கான தனி ஏற்பாடுகளுக்கு வழிசெய்தது. கல்லூரிதோறும் சமவாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அலுவலரும் இருத்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதி வகுத்தது. சாதி சொல்லி இழிவுசெய்வோரைத் தண்டிக்க 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளது. சலுகை கேட்கிறோம் என்று நாணாதீர்கள். உரிமை கேட்கிறோம் என்று நிமிருங்கள். மனம் தளர்ந்தால் மறைக்காதீர்கள்; 14416 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். அழுகை கோழைத்தனமன்று, தனியே அழுவதுதான் தவிர்க்க வேண்டியது.

இனி, கழகம் மேற்கொள்ள வேண்டியவை எனச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், முன்னரே பட்டம் பெற்ற ஓர் அண்ணனோ அக்காளோ துணையாக அமைதல் வேண்டும். மாதம் ஒரு முறையேனும், 'சாப்பிட்டாயா? வகுப்பு புரிகிறதா? யாரேனும் மனம் நோகப் பேசினார்களா?' என்று கேட்டறிதல் வேண்டும்.

உதவித்தொகை வரும்வரை கட்டணம் கட்ட வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று தேவை. தொகை வந்ததும் திருப்பிச் செலுத்தினால், அதே பணம் அடுத்த பிள்ளைக்கு உதவும்.

விடுமுறை நாள்களில் முதலாண்டு மாணவர்க்கு ஆங்கிலமும் கணக்கும் தமிழில் விளக்கிச் சொல்லும் வகுப்புகள் நடைபெறுதல் வேண்டும்.

ஒவ்வொரு வீட்டின் சாதிச் சான்றும் மதிப்பெண் சான்றும் படியெடுத்து இரண்டு இடங்களில் காக்கப்படுதல் வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு தாள் எரிந்தால் ஓர் ஆண்டுப் படிப்பே எரிந்துபோகும்.

பெண்பிள்ளைகளின் படிப்பைத் திருமணப் பேச்சால் நிறுத்தும் வீடுகளுக்குக் கழகத்தின் தாய்மார்களே நேரில் சென்று பேசுதல் வேண்டும். அரசு பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. ஆனால் மகள் மேலே படிக்கட்டும் என்று வீடு முடிவெடுத்தால்தான் அத்தகைய உதவி பயன்படும்.

இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வேலை கிடைத்தவர்கள் ஊரை மறவாதிருந்தால் போதும். முதல் மதிப்பெண் பெற்றவனுக்குப் பொன்னாடை போர்த்துவது மகிழ்ச்சியே. ஆனால் தவறிய தாளோடு தலைகுனிந்து வரும் பிள்ளையின் தோளில் கைவைத்து, 'வா, மீண்டும் எழுதலாம்' என்று அழைத்துச் செல்வதே கல்விப் பணி. அடுத்த ஆண்டு அறிக்கையில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதோடு, எத்தனை பேர் முடித்தார்கள், நின்றவர் எவரேனும் உண்டெனில் ஏன் நின்றார் என்பதையும் எழுதுவோம். அந்தக் கணக்கை ஒளியாது எழுதும் துணிவே இவ்வெள்ளி விழாவின் உறுதிமொழியாகுக.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!